மட் டெரைனா, ஆல் டெரைனா? நெடுஞ்சாலைப் பிக்கப்பின் டயர்க் குறைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

பிக்கப்புக்குச் சேற்றுக்கென்றே செய்த மட் டெரைன் டயர் போடலாமா, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் போதுமா என்று யார் கேட்டாலும், இப்போது ஓடும் டயரில் என்ன குறை என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். இரைகிறது, உதறுகிறது, மழையில் வழுக்குகிறது, வயலில் புதைகிறது என்று ஏதாவதொரு பதில் வரும். இந்தக் குறைகளில் பல டயரின் வகையால் வருவன அல்ல. காற்றழுத்தம், பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது), அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), ரிம்மில் ஒட்டிய மண் ஆகியவற்றால் வருவன. அவற்றைப் பார்க்காமல் வகையை மாற்றினால் நான்கு டயரின் பணமும் செலவாகும், குறையும் அப்படியே இருக்கும். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் காரணம் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து, அது உண்மையிலேயே டயரின் வகையில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகே வகையை மாற்றும் முடிவுக்கு வர வேண்டும்.

என் பிக்கப் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து நான்குவழிச் சாலை ஏறி மதுரைக்குச் சரக்கு கொண்டுபோகும் வண்டி. ஒரு நடைக்குத் தார்ச்சாலையில் ஏறத்தாழ 100 கி.மீ., காட்டுப்பாதையில் 3 கி.மீ. ஓடும். போக வர 206 கி.மீ. ஓட்டத்தில் மண்ணில் ஓடுவது 6 கி.மீ. மட்டுமே. இந்த வண்டியில் இரண்டு ஆண்டுகள் மட் டெரைனும், அதன் பின் ஆல் டெரைனும் ஓட்டிப் பார்த்ததில் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகளை நம் பட்டறைகளில் பட்டன் என்பார்கள். மட் டெரைனில் பட்டன்கள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. அவற்றுக்கு நடுவே உள்ள பள்ளம் அகலமாகவும் ஆழமாகவும் இருக்கும். ஆல் டெரைனில் பட்டன்கள் சிறியவை, நெருக்கமானவை. ஒவ்வொன்றின் மீதும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய கீறல்கள் மிகுந்திருக்கும். ஆனால் ஏ.டி. (ஆல் டெரைன்), எம்.டி. (மட் டெரைன்) என்ற எழுத்துகள் நிறுவனங்கள் தாமே இட்டுக்கொள்ளும் பெயர்கள். ஒரு நிறுவனத்தின் ஏ.டி. ஏறக்குறையச் சாலை டயராகவும், இன்னொன்றின் ஏ.டி. பாதி மட் டெரைனாகவும் இருப்பதுண்டு. எழுத்தை நம்பாமல் பள்ளத்தின் அகலத்தையும் கீறல்களையும் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

எந்த அறிகுறிக்கும் முன்னால்

காற்றழுத்தத்தைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப்போய் அளந்தால் டயர் சூடேறி அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியுள்ள தாளில் வெறும் வண்டிக்கு ஓர் அளவும் சுமைக்கு ஓர் அளவும் தனித்தனியாக இருக்கலாம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் உயரமாக இருந்தும் ரப்பர் இறுகிப்போன பழைய டயரைப் பிக்கப்களில் அடிக்கடி பார்க்கலாம், ஏனென்றால் மட் டெரைனின் பள்ளம் ஆழமானது, தேய்வதற்குள் வயதாகிவிடும். இப்படிப்பட்ட டயரில் வரும் குறைக்கு மேற்கொண்டு காரணம் தேட வேண்டியதில்லை.

அறிகுறி: வேகம் கூடக் கூட ஊளை போன்ற இரைச்சல்

265/60 ஆர் 18 அளவுள்ள டயரின் (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 60 விழுக்காடு, ரிம் 18 அங்குலம்) சுற்றளவு ஏறத்தாழ 2.4 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 9 முறைக்கு மேல் சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு பட்டனும் தாரில் அறைந்து, இடையில் சிக்கிய காற்றைப் பிதுக்கித் தள்ளுவதால் அந்த ஊளை எழுகிறது. பட்டன் பெரிதாகவும் பள்ளம் அகலமாகவும் இருக்கும் அளவுக்கு ஓசையும் பெரிதாகும். பட்டன்களை ஒரே அளவில் வெட்டாமல் சிறிதும் பெரிதுமாக வெட்டுவது, ஓசை ஒரே சுருதியில் சேர்ந்து ஒலிக்காமல் சிதறுவதற்காகத்தான்.

ஆயினும் எல்லா ஊளையும் டயருடையது அன்று. சாலை காலியாக உள்ள இடத்தில் 70, 80 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். அந்தக் கணமே ஓசையின் தன்மை மாறினால் பின் ஆக்சிலின் டிஃபரென்ஷியலை (எஞ்சினின் இழுவையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதியை) சந்தேகிக்க வேண்டும். மாறாமல், வேகம் குறையக் குறைய மட்டுமே குறைந்தால், ஸ்டீயரிங்கை மிக மெதுவாக இருபக்கமும் சாய்த்துப் பாருங்கள். வலப்பக்கம் திருப்பும்போது எடை இடச் சக்கரங்களின் மேல் ஏறும். அப்போது ஓசை கூடினால் இடப்பக்க வீல் பேரிங் போகத் தொடங்கியிருக்கலாம், எதிர்ப்பக்கத்துக்கும் இதே கணக்கு. இரண்டுக்கும் மாறாமல், தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறும்போது மட்டும் சுருதி மாறினால் அது டயரின் ஓசை.

டயர்தான் என்று தெரிந்த பிறகு, வண்டியை நிறுத்திப் பட்டன்களின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால், பட்டனின் ஒரு முனை மட்டும் தேய்ந்திருக்கிறது. முன் சக்கரமும் இழுவைச் சக்கரமும் வெவ்வேறு விதமாகத் தேய்வதால், இடம் மாற்றாமலே ஓடும் டயர்களில் இது வந்தே தீரும். ஆல் டெரைனை 8,000 கி.மீ.க்கு ஒரு முறையும், மட் டெரைனை 5,000 கி.மீ.க்கு ஒரு முறையும் முன்பின் மாற்றுவது என் வழக்கம். ஏற்கெனவே ரம்பமாகிவிட்ட டயரை மாற்றிப் போட்டால் ஓசை மெல்லக் குறையுமே தவிர முற்றிலும் போகாது.

மட் டெரைன் சீராகத் தேய்ந்திருக்கிறது, பேரிங்கும் நன்றாக இருக்கிறது, இருந்தும் இரைகிறது என்றால் அது அந்த டயரின் இயல்பு. அதற்குப் பட்டறையில் மருந்தில்லை. நாளும் இரண்டு மணி நேரம் அந்த ஓசைக்குள் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு வரும் அயர்ச்சியை நான் சிறு குறையாக நினைக்கவில்லை. ஆல் டெரைனுக்கு மாறுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

அறிகுறி: 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறுதல்

மழைக்காலத்தில் என் வண்டி இப்படி உதறத் தொடங்கியபோது, எங்கள் ஊர்ப் பட்டறையில் இருந்த பெரியவர் பேலன்சிங் எந்திரத்தின் பக்கமே போகவில்லை. “அண்ணாச்சி, மொதல்ல வீல உள்பக்கம் கழுவிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். கழுவியதும் உதறல் நின்றது. கரிசல் மண் ரிம்மின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்தால் ஓடு போல இறுகிவிடும்; வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படி 100 கிராம் மண் ஓரிடத்தில் ஒட்டியிருந்தால், 100 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமமான விசையால் சக்கரத்தைச் சுற்றுக்குச் சுற்று வெளியே இழுக்கும்.

கழுவிய பிறகும் உதறினால் பேலன்சிங் பாருங்கள். மட் டெரைன் கனமானது என்பதால் ஈயக்கட்டி அதிகம் கேட்கும், தேயத் தேய நிலை மாறும் என்பதால் அடிக்கடியும் கேட்கும். பேலன்சிங் குறையால் வரும் உதறல் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, அதைத் தாண்டினால் தணியும்.

இதற்கு மாறாக, 30, 40 கி.மீ. வேகத்திலேயே வண்டி ஏறி இறங்குவது போல ஆடினால், மேற்கொண்டு ஓட்டாதீர்கள். டயரின் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை ரப்பரிலிருந்து பிரிந்து ஓரிடம் புடைத்திருக்கலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் புடைப்பு கண்ணுக்குத் தெரியும். அந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக வீடு திரும்புவதைத் தவிர வேறு வழிமுறை இதற்குக் கிடையாது.

அறிகுறி: ஒரு பக்கம் இழுத்தல்

நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும், ஆகவே இடப்பக்கம் சிறிது நகர்வது இயல்பு. அதற்கு மேல் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் போனால் குறை டயரில் இருக்கிறது; அதே பக்கம் இருந்தால் அலைன்மென்ட்டில் அல்லது பிரேக்கில் இருக்கிறது. பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை மட்டும் இப்படி மாற்றக் கூடாது.

அறிகுறி: ஓரங்கள் தேய்தல், அல்லது நடுப்பகுதி தேய்தல்

ஓரங்கள் இரண்டும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம், ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் என்பதைப் பலரும் அறிவார்கள். ஆனால் டயரின் வகையை மாற்றிய பின் காற்றுக் கணக்கும் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை, வாங்கும்போது எனக்கும் யாரும் சொல்லவில்லை.

மட் டெரைன்களும் ஆல் டெரைன்களில் ஒரு பகுதியும் எல்.டி. (லைட் டிரக்) என்ற குறியோடு வரும் கனரகக் கட்டமைப்புடையவை. அதே எடையைத் தாங்குவதற்கு, வண்டியோடு வந்த சாதாரண டயரைவிட இந்த டயருக்குக் கூடுதல் காற்றழுத்தம் வேண்டும். கதவோரத் தாளில் உள்ள பழைய அளவையே பிடித்துக்கொண்டு சுமையேற்றி நெடுஞ்சாலையில் ஓடினால், பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும். சித்திரை வெயிலில் அந்தச் சூடு டயரை வெடிக்கவும் வைக்கும். நேர்மாறாக, கனரக டயர்தானே என்று வெறும் வண்டிக்கு 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) ஏற்றினால் நடுப்பகுதி தேய்ந்து வண்டி கல்லாகத் தூக்கிப் போடும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க, வழக்கமான சுமையோடு எடைமேடைக்குப் போய் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்து எடை பாருங்கள். அந்த எடைக்கு உரிய அழுத்தத்தை டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். வெறும் வண்டிக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. டயரின் குறுக்கே சாக்பீஸால் தடித்த கோடு போட்டு, காய்ந்த நேர்ச்சாலையில் சிறிது தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், ஓரங்களில் மட்டும் அழிந்தால் கூட்டுங்கள், குறுக்கே சீராக அழியும் அளவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எப்படிக் குறைத்தாலும் அட்டவணை அந்த எடைக்குச் சொல்லும் அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

அறிகுறி: நனைந்த சாலையில் வழுக்குதல், பிரேக் பிடித்தும் நிற்காமல் நீளுதல்

அகலமான பள்ளம் நீரை நன்றாக வடிக்கும், ஆகவே மட் டெரைன் மழையில் நல்ல பிடிப்புத் தரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. தேங்கி நிற்கும் நீரைக் கிழித்துப் போவதில் அந்த நம்பிக்கை ஓரளவு சரி. ஆனால் நாம் பெரும்பாலும் வழுக்குவது, தூறல் விழுந்து தார் பளபளக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில். அங்கே பிடிப்பைத் தருவது தாரில் படியும் ரப்பரின் பரப்பும், படலத்தைத் துடைத்தெடுக்கும் கீறல்களின் விளிம்பும்தான். மட் டெரைனில் இரண்டும் குறைவு. கல்லிலும் முள்ளிலும் பிய்ந்துவிடாதிருக்க அதன் ரப்பரையும் பெரும்பாலும் கடினமாகவே கலக்குகிறார்கள்.

பிக்கப்புக்கு இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. சுமை இல்லாதபோது பின்புறம் மிக லேசானது, பட்டை ஸ்பிரிங்கோ சுமைக்காகச் செய்த விறைப்பான ஸ்பிரிங். ஓசூரில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகச் சேலம் நோக்கி வரும்போது, தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் மழை பிடித்தால் பின் சக்கரங்கள் எவ்வளவு எளிதாக நழுவும் என்பதை நான் மட் டெரைனோடு ஒரு முறை அனுபவித்திருக்கிறேன். வண்டி பாதி குறுக்காகத் திரும்பி நின்றது. பின்னால் லாரி எதுவும் நெருங்கி வராததால் தப்பினேன்.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதலில் பார்க்க வேண்டியது, சுமைக்கு ஏற்றிய காற்றை வெறும் வண்டியிலும் அப்படியே விட்டிருக்கிறோமா என்பது. இரண்டாவது, ரப்பரின் வயது. மூன்றாவது, தேய்மானம். பள்ளத்தின் அடியில் உள்ள தேய்மானக் குறி 1.6 மி.மீ. உயரமுடையது, பட்டன் அதன் மட்டத்துக்கு வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள், ஆனால் மழைச்சாலையில் பிடிப்பு அதற்கு வெகு முன்னாலேயே குறைந்துவிடும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் மாட்டுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் மட் டெரைன் நழுவினால் ஆல் டெரைனுக்கு மாறுவதே தீர்வு. இந்த ஓர் அறிகுறியில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துச் சொல்வதில்லை.

அறிகுறி: மைலேஜ் குறைதல், வண்டி இழுக்கத் திணறுதல்

கனமான டயர் உருள அதிகச் சக்தி கேட்கும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுமுன் டயரின் அளவைப் பாருங்கள். 265/60 ஆர் 18 டயரின் விட்டம் 775 மி.மீ. அதே ரிம்மில் 265/65 போட்டால் 802 மி.மீ., அதாவது ஏறத்தாழ 3.4 விழுக்காடு கூடுதல். மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி 103.4 கி.மீ. ஓடியிருக்கும். மைலேஜ் உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்தது போலத் தோன்றும், வேகமானியும் குறைத்தே காட்டும். பெரிய டயர் கியரின் இழுவையையும் குறைத்துவிடுவதால் மேடுகளில் திணறுவதற்கும் அதுவே காரணமாகலாம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்கார்டில் உரசும் ஓசை கேட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்பது உறுதி. வண்டியோடு வந்த அளவிலேயே ஆல் டெரைன் கிடைக்கும்போது நெடுஞ்சாலை வண்டிக்குப் பெரிய அளவு எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாங்கும்போது அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 110 என்றால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும். கியூ என்றால் 160, எஸ் என்றால் 180, டி என்றால் 190 கி.மீ. வேக வரம்பு. சுமை எண் வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் கீழே போகக் கூடாது.

அறிகுறி: பட்டன் பிய்தல், பக்கச்சுவர் கிழிதல்

கல்குவாரிப் பாதைகளில் ஓடும் வண்டிகளில் இதைக் காணலாம். பட்டனில் சிறு சில்லுகள் பெயர்வதால் ஆபத்தில்லை. பள்ளத்தில் சிக்கிய கல்லை மட்டும் அவ்வப்போது குத்தி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது உள்ளே துளைத்துக்கொண்டே போகும். பக்கச்சுவரில் நூலிழை தெரியும்படி கிழிந்தால் அதற்கு பஞ்சர் ஒட்டக் கூடாது. டயரை மாற்றிவிட வேண்டும். இது ஆண்டுக்கு இரண்டு முறை நடக்குமானால், மூன்றடுக்குப் பக்கச்சுவர் கொண்ட ஆல் டெரைனைத் தேடுங்கள். இதற்காக மட் டெரைன் வரை போக வேண்டியதில்லை.

அறிகுறி: மண்ணில் புதைந்து நிற்றல்

மட் டெரைன் பிறந்ததே இதற்காகத்தான். அதனால்தான் இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். வண்டி சிக்கி நிற்கும்போது கீழே இறங்கிப் பாருங்கள். வண்டி எதனால் நிற்கிறது என்பதை அந்த நேரத்தில்தான் தெளிவாகக் காண முடியும்.

பின் சக்கரங்களில் ஒன்று மட்டும் சுற்றி மற்றொன்று அசையாமல் நின்றால், குறை டிஃபரென்ஷியலில். நான்கு சக்கர இழுவையோ, இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுற்ற வைக்கும் டிஃப் லாக்கோ இல்லாமல் எந்த டயரும் அங்கே முழுதாக உதவாது. ஆக்சிலின் உருண்டை தரையில் உட்கார்ந்திருந்தால் வண்டியின் உயரம் போதவில்லை. பட்டன்களும் பள்ளங்களும் தெளிவாகத் தெரிய, சக்கரம் குழி தோண்டிக்கொண்டு இறங்கியிருந்தால் அது மணல். திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியின் செம்மணலில் மட் டெரைன் மண்வெட்டி போலத் தோண்டும். அங்கே வேண்டியது மணலைத் தோண்டாமல் அதன் மேல் மிதக்கும் டயர். காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்த ஆல் டெரைன் அங்கே நன்றாகவே ஏறிவிடும். தார் ஏறுமுன் மீண்டும் காற்று நிரப்ப வேண்டும் என்பதால் சிறிய கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

பள்ளம் எது, பட்டன் எது என்றே தெரியாமல் டயர் முழுவதும் களி அப்பி மொட்டை டயராக நின்றால், அது கரிசல். மழை பெய்த மறுநாள் கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், பத்தடிக்குள் செருப்பு இரண்டு மடங்கு கனத்துவிடும். நீரைக் குடித்து ஊதும் அந்தக் களிமண் ஆல் டெரைனின் ஒடுங்கிய பள்ளங்களைச் சில சுற்றுகளிலேயே அடைத்துவிடுகிறது. மட் டெரைனின் அகலப் பள்ளம் சுழலும் வேகத்தில் களியை வீசி எறிந்து, அடுத்த சுற்றுக்குச் சுத்தமான விளிம்போடு வருகிறது. இந்த ஒரு நிலையில் ஆல் டெரைன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மட் டெரைனுக்கு ஈடாகாது.

அப்படியானால் ஆண்டில் எத்தனை நாள் இப்படிச் சிக்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்தாற்போல் பத்து நாளுக்கு மேல் வந்ததில்லை. அந்தப் பத்து நாளுக்கு வண்டியைத் தார்ச்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, மூட்டைகளை டிராக்டர் டிரெய்லரில் கொண்டுவந்து மாற்றி ஏற்றுகிறேன். பால் எடுப்பவர், நோயாளியை ஏற்றி வர வேண்டியவர் போன்றவர்களுக்கு இந்த வசதி இருக்காது. அவர்கள் பழைய இரும்பு ரிம் நான்கு வாங்கி, அதில் மட் டெரைன் பூட்டி வைத்துக்கொண்டு, மழை மாதங்களில் மட்டும் மாட்டலாம். ஆண்டு முழுதும் வாரத்தில் பல நாள் களியிலேயே ஓடும் வண்டிக்கு மட் டெரைன்தான் சரி, அதன் இரைச்சலையும் மழை வழுக்கலையும் அறிந்து மெதுவாக ஓட்ட வேண்டும்.

மாற்றிய பிறகு

புதிய டயர் மாட்டிய 100 கி.மீ.க்குள் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) மறுபடி சரிபாருங்கள். முதல் சில நூறு கி.மீ. வரை மழையிலும் வளைவிலும் வேகம் வேண்டாம், புது ரப்பரின் மேல்தோல் தேய்ந்த பிறகே முழுப் பிடிப்பு வரும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டியில் விட்டம் மாறிய ஒரு சக்கரத்தோடு நெடுந்தூரம் ஓடினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பகிரும் பெட்டி), டிஃபரென்ஷியல் இரண்டுக்கும் சேதம் வரும். நான் ஐந்து டயராகவே வாங்கி, ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்துக்கொள்கிறேன்.